கிராமத்தில் 60 வயது தாண்டியோரிடம் உடல்நல சர்வே: சாம்பிள், வயது, பரிசோதனைகள் பற்றி யோசனை வேண்டும்

மானாமதுரை_களம் எழுதியது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் ஒரு சர்வே திட்டமிட்டிருக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. களப்பணியாளர்கள் ஆறு பேர். எல்லோரும் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள், டிகிரி முடித்தவர்கள். டேப்லெட், ஸ்மெட்லி வகைக் கைப்பிடி வலுமானி இரண்டு, தானியங்கி பிரஷர் கருவி, ஸ்டாப்வாட்ச், எடை மெஷின் இருக்கின்றன.

முதன்மையாகத் தெரிய வேண்டியது: குளிப்பது, உடுத்துவது, எழுந்து நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்றுக்காவது அடுத்தவர் உதவி தேவைப்படுவோர் எத்தனை சதவீதம்? 30 சதவீதம் இருக்கும் என்று வைத்து, 5 புள்ளி முன்பின் பிழையோடு கணக்குப் போட்டால் 323 பேர் வருகிறது. இது போதுமா? வயதைக் கேட்டால் பாதிப்பேர் "அறுபதோ எழுபதோ இருக்கும்" என்கிறார்கள்; எதை எழுதுவது? தசை நலிவுக்கு (முதுமையில் தசையும் வலுவும் குறைவது) ஆசியப் பணிக்குழுவின் 2019 கட்-ஆஃப்களை (எல்லை அளவுகளை) அப்படியே பயன்படுத்தலாமா? எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவு, அறிவுத்திறன் சோதனைத் தாளைப் பள்ளிக்கூடமே போகாத பெண்களிடம் கேட்டுப் பார்த்தோம், பெரும்பாலோர் குறைவான மதிப்பெண்தான் வாங்குகிறார்கள். கடைசியாக, பெரியவரிடம் கேட்கும் கேள்விக்கு மகனோ மருமகளோ பதில் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளலாமா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

323 போதாது. அந்தச் சூத்திரம், மாவட்டம் முழுவதிலிருந்தும் சிதறலாக ஆளெடுத்தால்தான் செல்லும். நீங்கள் ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு 20 பேர் என்று எடுப்பீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதே ரோடு, அதே ஆரம்ப சுகாதார நிலையம், அதே கூலி வேலை. அந்த ஒப்புமையின் அளவு 0.05 என்று வைத்தால், பெருக்க வேண்டியது 1 + (20 − 1) × 0.05 = 1.95. 323 ஐ அதனால் பெருக்கினால் 630. பத்தில் ஒருவர் கிடைக்காமல் போவார் என்று 0.9 ஆல் வகுத்தால் 700. ஆக 35 ஊர், ஊருக்கு 20 பேர். கைச்செலவு இடித்தால் ஊருக்கு 20 ஐ 30 ஆக்கி ஊர்களைக் குறைக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஊர் எண்ணிக்கை குறைந்தால் பிழை வேகமாக ஏறும். 50 ஊரில் 14 பேர் எடுப்பது 35 ஊரில் 20 பேரைவிட நல்லது. வண்டிச் செலவு தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஊர்களை மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு, அதாவது பெரிய ஊருக்குக் கூடுதல் வாய்ப்போடு, தேர்ந்தெடுங்கள். கையில் இருக்கும் பட்டியல் 2011 கணக்கெடுப்புதான். அதற்குப் பிறகு சில ஊர்கள் ஆள் குறைந்தும் சில பெருத்தும் போயிருக்கும். எனவே தேர்வான ஊரில் 120 முதல் 150 வீடுகள் கொண்ட ஒரு பகுதியை வரைந்து, எல்லா வீட்டையும் புதிதாகப் பட்டியலிடுங்கள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க மட்டும் வையுங்கள். அதில் இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கும், திருப்பூருக்குப் போனவர் பெயரும் இருக்கும்.

இந்த மாதிரி ஆய்வு கெடுவது பட்டியல் போடும் நாளில்தான், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, மகன்களிடம் முறைவைத்து இருக்கும் பெற்றோர். மூன்று மகன்கள், ஆளுக்கு ஒரு மாதம் என்று ஒரு பாட்டி சுற்றி வருகிறார். "ஆறு மாதத்துக்கு மேல் இந்த வீட்டில் இருப்பவர்" என்று விதி வைத்தால் அந்தப் பாட்டி ஒரு வீட்டிலும் சேரமாட்டார், ஏனென்றால் வருடத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் நாலு மாதம்தான். விதியே இல்லாவிட்டால் மூன்று வீட்டிலும் பெயர் வந்துவிடும். "நேற்று ராத்திரி இங்கே படுத்தாரா?" என்று கேளுங்கள். ஓர் இரவில் ஒருவர் ஒரு வீட்டில்தான் படுக்க முடியும், பெயரும் ஒரு வீட்டில்தான் வரும். ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போயிருப்பவரை மட்டும் திரும்பி வரும் வீட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, தனி அடுப்பு. "இந்த வீட்டில் யார் யார்?" என்றால், கொல்லைப்புறச் சாய்ப்பில் தானே பொங்கித் தின்கிற தாயாரை மகன் சொல்லமாட்டார். மறைப்பதில்லை, அவருக்கு அது வேறு குடும்பம், ரேஷன் கார்டும் வேறு. "இந்த வாசலுக்குள், பின்னால, பக்கத்துல தனியா சமைச்சுச் சாப்பிடுற பெரியவங்க யாராவது?" என்று தனிக் கேள்வியாகவே வையுங்கள்.

மூன்றாவது, படுத்த படுக்கையாக இருப்பவர். "அவங்க பேச மாட்டாங்கம்மா, விடுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். உங்கள் முதன்மைக் கேள்விக்கே உரியவர் அவர். அவரை விட்டால் 30 சதவீதம் 24 ஆகிவிடும், ஏன் குறைந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

நான்காவது, நன்றாக நடமாடுபவர். காலை பத்து மணிக்குப் போனால் நூறு நாள் வேலைக்கும் ஆடு மேய்க்கவும் போனவர்கள் கிடைக்கமாட்டார்கள். வேறு வேறு நேரத்தில் மூன்று முறையாவது போக வேண்டும், அதில் ஒன்று காலை எட்டுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ. ஆள் இல்லையென்று அடுத்த வீட்டை எடுக்கவே கூடாது.

ஒரு வீட்டில் இரண்டு மூன்று பெரியவர் இருந்தால் டேப்லெட்டே ஒருவரைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கட்டும். அப்போது வெயிட் (தேர்வாகும் வாய்ப்பு குறைந்தவரின் பதிலைக் கணக்கில் கூட்டி எண்ணும் பெருக்கெண்) போட மறக்காதீர்கள். தனியாக வாழ்பவருக்கு வாய்ப்பு 1, தம்பதிக்கு ஆளுக்குப் பாதி. வெயிட் இல்லாமல் கூட்டினால் தனியாக வாழும் விதவைகள் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரிவார்கள்.

வயது விஷயம். சொன்னதை மட்டும் எழுதினால் 60, 65, 70 என்று குவியும், 61 உம் 69 உம் காலியாக இருக்கும். இன்னொரு இழுப்பும் உண்டு: முதியோர் உதவித்தொகைக்கு 60 ஆக வேண்டும் என்பதால் 57, 58 இருப்பவர்கள் அட்டையில் 60 ஆகியிருப்பார்கள். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் தோராயமான வருடம்தான். மூன்று விடைகளைத் தனித்தனிப் பெட்டியில் வாங்குங்கள்: அவர் சொன்னது, அட்டையில் இருப்பது, நிகழ்ச்சி வைத்து நீங்கள் கணித்தது. எது இறுதி என்பதைப் பின்னால் ஒரே விதியால் முடிவுசெய்யலாம்.

கணிக்கும் நிகழ்ச்சிகள் எல்லோர் நினைவிலும் நிற்பவையாக இருக்க வேண்டும். உங்கள் பக்கம் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1967 இல் அண்ணா முதல்வரானது, 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தது, 1977 இல் எம்.ஜி.ஆர். முதல்வரானது, 1984 இல் இந்திரா காந்தி சுடப்பட்டது, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தது. "அப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்காதீர்கள், அதற்கும் ஊகம்தான் வரும். "எம்.ஜி.ஆர். செத்தப்ப கல்யாணம் ஆயிருச்சா? மூத்த பிள்ளை கைக்குழந்தையா, பள்ளிக்கூடம் போனானா?" என்று கேளுங்கள். 1987 இல் மூத்தவனுக்கு ஆறு வயது, வயதுக்கு வந்து மூன்று வருடத்தில் கல்யாணம், அடுத்த வருடமே பிள்ளை என்றால் பிறந்த வருடம் 1962, 63 பக்கம் வந்து நிற்கும். மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதுவே மிக நல்ல ஆதாரம்.

---

தாமரைக்கண்மாய் பதில்:

உடல் பரிசோதனைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2019 கட்-ஆஃப்: பிடிவலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18 க்குக் கீழ். நடைவேகம் வினாடிக்கு 1.0 மீட்டருக்குக் கீழ். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடி அல்லது அதற்கு மேல். கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழ். இவை பெரும்பாலும் கிழக்காசியத் தரவிலிருந்து வந்தவை. உயரமும் எடையும் குறைந்த நம் கிராமத்துப் பெண்களிடம் 18 கிலோவை வைத்தால் மிகப் பெரும்பாலோர் 'வலுக்குறைவு' ஆகிவிடுவார்கள், அப்புறம் அந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன செய்வது என்று தெரியாது. கட்-ஆஃப் படியான விகிதத்தை ஒப்பீட்டுக்காக ஒரு வரியில் கொடுங்கள். பகுப்பாய்வை ஆண், பெண் தனித்தனியாக, கிலோவிலேயே செய்யுங்கள். தசையளவைக் கருவியால் அளக்காதபோது 'தசை நலிவு நோய்' என்று எழுத வேண்டாம். 'இருக்கலாம்' என்ற நிலை வரைதான் போக முடியும்.

ஸ்மெட்லி கருவிக்கு நிற்க வைத்து, முழங்கை நேராக, கை உடம்பில் ஒட்டாமல் தொங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்து முழங்கையை 90 பாகையில் மடக்குவது ஜாமர் வகை ஹைட்ராலிக் கருவிக்கு. இரண்டையும் கலந்தால் எண்கள் ஒப்பிட முடியாதவை ஆகும். நிற்க முடியாதவரை உட்காரவைத்து எடுத்தால் அதற்கு ஒரு குறி போடுங்கள். விரலின் நடு மூட்டு செங்கோணத்தில் மடங்கும்படி கைப்பிடியைத் திருகி வையுங்கள். சிறிய கைகளுக்கு இதைச் செய்யாவிட்டால் வலு குறைந்து காட்டும். ஒவ்வொரு கையிலும் இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு, எல்லா எண்ணையும் பதிவுசெய்து அதிகபட்சத்தை எடுங்கள். "அழுத்துங்க, இன்னும், இன்னும், விடுங்க" என்று ஆறு பேரும் ஒரே வாசகத்தை ஒரே குரலில் சொல்லப் பழக வேண்டும், உற்சாகப்படுத்தும் அளவு மாறினாலே வலு மாறும். கடந்த மூன்று மாதத்தில் கையில் அறுவை சிகிச்சை, வீக்கம், கடும் வலி இருந்தால் அந்தக் கையை விடுங்கள்.

இரண்டு கருவியையும் வாரம் ஒருமுறை தெரிந்த எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், 20 கிலோ படிக்கல் போதும். ஸ்பிரிங் தளர்ந்தால் மெதுவாக நழுவும், யாருக்கும் தெரியாது. எந்தக் கருவி என்ற எண்ணும் டேட்டாவில் இருக்கட்டும்.

நடைக்கு அந்த 1.0 என்பது 6 மீட்டருக்கு, நடந்துகொண்டே கோட்டைத் தாண்டும் முறைக்கு உரியது. முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டால் 10 மீட்டர் தேவை. ஓட்டு வீட்டுக்குள் அது கிடைக்காது; தெருவில் சிமென்ட் ரோடு இருந்தால் உண்டு. 4 மீட்டரில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முறையை எடுத்தால் வேகம் குறைவாக வரும், அதை 1.0 ஓடு ஒப்பிடாதீர்கள். குறுகிய தூரத்தில் ஸ்டாப்வாட்ச் பிழையும் பெரிது. 4 வினாடியில் 4 மீட்டர் நடப்பவருக்கு 0.3 வினாடி முன்பின் ஆனால் 0.93 க்கும் 1.08 க்கும் இடையே எதுவும் வரலாம். ஒரே முறையை எல்லா ஊரிலும் வையுங்கள், இரண்டு முறை நடக்கவைத்துச் சராசரி எடுங்கள். கூடவே நடக்கும் பணியாளர் அரை அடி பின்னால் வர வேண்டும். முன்னால் போனால் பெரியவர் அவர் வேகத்துக்கு நடப்பார். கம்பு ஊன்றலாம், அதைக் குறியுங்கள். புடவைக் கொசுவம் தரையில் இழுபட்டால் சற்றுத் தூக்கிச் செருகச் சொல்லுங்கள், தடுக்கி விழுந்தால் பிறகு நொந்து பயனில்லை.

நாற்காலிப் பரிசோதனைக்குக் கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியை வண்டியிலேயே கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வளையும், கைப்பிடி இருக்கும், ஒன்று போல் ஒன்று இராது. சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முதலில் கைகளை மார்பில் மடக்கி ஒருமுறை எழ முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 'முடியவில்லை' என்பதும் ஒரு விடை. அதைக் காலியாக விட்டால் மிகவும் பலவீனமானவர்கள் பகுப்பாய்விலிருந்தே விழுந்துவிடுவார்கள். என் பார்வையில் முதுமை ஆய்வுகளில் அதிகம் நடக்கும், அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான்.

பிரஷர்: ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை; முதலாவதைத் தள்ளி மற்ற இரண்டின் சராசரி. மெலிந்த கைக்குச் சிறிய பட்டை இல்லையென்றால் அளவு தவறும். "பிரஷர் இருக்கா?" என்ற கேள்வியை மட்டும் நம்ப வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 இல் தொடங்கியதிலிருந்து பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் எதற்கென்று தெரியாது. மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

---

நினைவுக்குறி பதில்:

எம்.எம்.எஸ்.இ. உங்கள் ஆட்களுக்கான தாள் அல்ல. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, எழுதியிருப்பதை வாசித்துச் செய்வது, ஐங்கோணம் வரைவது எல்லாம் பள்ளிக்கூடத்தை அளக்கின்றன. பென்சிலே பிடிக்காத கை வரையாததற்கு மூளை காரணம் இல்லை. மேலும் அது உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய தாள்.

எழுத்தறியாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் 1990களில் உருவான இந்தி வடிவம் ஒன்று உண்டு. அதில் வாசிப்புக்குப் பதில் "நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றும், எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லியும் மாற்றியிருக்கிறார்கள். இந்திய முதியோர் பற்றிய நாடுதழுவிய ஆய்வான லாசியின் மறதிநோய்ப் பிரிவு லாசி-டாட் அதைப் பல இந்திய மொழிகளில் பயன்படுத்தியிருக்கிறது. மறதிநோயைப் பல நாடுகளில் ஆராயும் 10/66 ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் வேறொரு வழியில் போனது: பெரியவரிடம் சோதனை, அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் தனி நேர்காணல், இரண்டையும் சேர்த்து முடிவு. படிப்பு குறைந்த இடத்தில் இந்த இரட்டை வழிதான் பிழையைக் குறைக்கிறது. ஒரே ஒரு தாளை மட்டும் வைத்து 'மறதிநோய் இத்தனை சதவீதம்' என்று எழுதாதீர்கள். லாசி-டாட் மருத்துவர்களின் மதிப்பீட்டோடு இந்தியாவில் 60 தாண்டியோருக்குக் கணித்தது 7.4 சதவீதம், உங்களுக்கு 40 வந்தால் தாளைச் சந்தேகியுங்கள்.

உங்கள் நேரத்துக்குள் அடங்குவது: பத்துச் சொல் பட்டியல், உடனே ஒருமுறையும் மற்ற கேள்விகளுக்குப் பின் ஒருமுறையும், ஒரு நிமிடத்தில் உயிரினங்களின் பெயர், வாரத்தின் நாட்களைப் பின்னோக்கிச் சொல்வது, இடமும் காலமும். தேதிக்குத் தமிழ் மாதமும், அமாவாசை கழிந்து எத்தனை நாள் என்பதும் சரியான விடைகளே. உயிரினப் பட்டியலில் பறவை, மீன், பூச்சி எல்லாம் எண்ணப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆடுமாட்டோடு நிறுத்திவிடுவார்கள். 'மீன்' என்றபின் அயிரை, கெளுத்தி, விரால் என்று அடுக்கினால் மூன்றை எண்ணி 'மீன்' என்பதை விடுங்கள். சொற்களை வினாடிக்கு ஒன்றாக, டேப்லெட்டில் பதிவுசெய்த ஒரே குரலில் ஓடவிடுவது மேல்.

எல்லாவற்றுக்கும் முன் காது. கேட்காதவர் மறந்தவராகப் பதிவாகிறார். முதலில் பின்னாலிருந்து இரண்டு மூன்று சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காதில் மாட்டும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று வைத்திருந்து அதோடு நடத்துங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரை காத்திருங்கள்.

அடுத்து, அன்றாடக் காரியங்கள். சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல், மருந்து எடுத்தல், பணம் கையாளுதல் என்ற பட்டியலில் 'செய்வதில்லை' வேறு, 'செய்ய முடியாது' வேறு. 75 வயது ஆண் சமைக்கமாட்டார், எப்போதுமே சமைத்ததில்லை. அவரை உதவி தேவைப்படுபவராக எண்ணினால் ஆண்களின் இயலாமை பொய்யாக ஏறும். பெண்ணுக்கு வங்கிக் கணக்கு அப்படித்தான். "தேவைப்பட்டா உங்களால முடியுமா?" என்று இரண்டாம் கேள்வி கட்டாயம். தரையிலிருந்து எழுவதும் குந்தி உட்கார்ந்து மலம் கழித்து எழுவதும் வெளிநாட்டுப் பட்டியல்களில் இல்லை, நம் வீட்டில் முதலில் போவது அதுதான். தனியாகச் சேருங்கள்.

பெரியவருக்காக வேறொருவர் பதில் சொல்லும் பதிலாள் விஷயத்தில் என் கருத்து கறாரானது. நினைவு, மனநிலை, தனிமை, தன் உடல்நலத்தைத் தானே மதிப்பிடும் கேள்வி: இவற்றுக்கு மகன் பதில் செல்லாது, காலியாக விடுங்கள். குளிப்பது, நடப்பது, விழுந்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது: பதிலாளிடம் வாங்கலாம், யார் என்று குறித்து. பராமரிப்பவர் பொதுவாக இயலாமையைக் கூட்டிச் சொல்வார். பெரியவர் குறைத்துச் சொல்வார். 700 இல் ஐம்பது பேரிடமாவது இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வித்தியாசத்தை அளந்துவிட்டால், மற்ற பதில்களை எப்படி வாசிப்பது என்று தெரியும்.

---

மானாமதுரை_களம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஊர்களை 35 ஆகவும், நடையைத் தெருவில் 6 மீட்டராகவும் மாற்றிவிட்டோம். இன்னும் இரண்டு. புறக்கணிப்பு, அடி, பணம் பறித்தல் பற்றிக் கேட்க நெறிக்குழு அனுமதி கேட்கிறோம்; மருமகள் பக்கத்திலேயே இருக்கும்போது எப்படிக் கேட்பது? 80 தாண்டியோரின் நினைவு மதிப்பெண் 60களைவிடப் பாதிதான் என்று முன்னோட்டத்தில் வருகிறது. வயதோடு இறங்குகிறது என்று எழுதலாமா?

---

வேப்பங்குச்சி பதில்:

தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைத் திறக்கவே கூடாது. டேப்லெட்டில் "வேறு யாராவது காதுகேட்கும் தூரத்தில் இருக்கிறார்களா?" என்று வைத்து, ஆம் என்றால் அந்தக் கேள்விகள் தானாகத் தாண்டிப் போகும்படி அமையுங்கள். இரண்டு பேராகப் போவது உதவும்: ஒருவர் மருமகளை அழைத்துக்கொண்டு வீட்டு வசதிகள், ரேஷன், தண்ணீர் கேள்விகளை அடுப்படியில் கேட்கட்டும், மற்றவர் திண்ணையில் பெரியவரிடம் இருக்கட்டும். நடைப் பரிசோதனை தெருவில் என்பதால் திரும்பி வரும்போதும் சற்றுத் தனிமை கிடைக்கும். கேள்விப் பகுதிக்கு 'வன்முறை' என்று பெயர் வைக்காமல் 'வீட்டு உறவுகள்' என்று வையுங்கள். தாளைப் பார்ப்பவர் யாராகவும் இருக்கலாம்.

பணியாளர்கள் அந்தச் சுற்றுவட்டாரம் என்றீர்கள். பரிசோதனைகளுக்கு அது நல்லது, "அப்பத்தா, வாங்க" என்றால் எழுந்து வருவார்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் அது கெடுதல். சொந்த ஊருக்கும் உறவு ஊருக்கும் யாரையும் அனுப்பாதீர்கள், சொன்னது வெளியே போகும் என்ற பயம் இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒப்புதல் பெரியவருடையது. மகன் கையெழுத்து அதற்கு ஈடாகாது. எழுதத் தெரியாதவருக்குத் தாளை வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன் கைரேகை. 2017 இன் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைகள் இதைக் கேட்கின்றன. முடிவெடுக்கும் திறன் போனவருக்குச் சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தர, பெரியவர் முகம் சுளித்தாலோ கையைத் தள்ளினாலோ நிறுத்திவிட வேண்டும். பிரஷர் 180க்கு 110 ஐத் தொட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு இருக்கட்டும். 14567 முதியோர் உதவி எண், 14416 மனநல உதவி எண். இவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் விடாதீர்கள், அடுத்தவர் கண்ணில் பட்டால் வினை. மனப்பாடமாகச் சொல்லுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் பணியாளர் தனியாகச் சமாளிக்கக் கூடாது. அன்று யாரை அழைப்பது என்ற பெயரும் எண்ணும் காலையில் கிளம்பும்போதே கையில் இருக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

வயதோடு இறங்குகிறது என்று எழுத முடியாது. ஒரே நேரத்தில் எடுத்த சர்வேயில் 80 தாண்டியவர் வேறு தலைமுறை. அவர்கள் பள்ளி வயதில் இருந்தபோது ஊரில் பள்ளிக்கூடம் இருந்ததா என்பதே சந்தேகம், பெண்கள் போனதே அபூர்வம். 60களில் இருப்பவர்களில் பலர் மதிய உணவோடு ஓரிரு வகுப்பாவது படித்தவர்கள். பள்ளி ஆண்டு, ஆண் பெண், காது, கண் நான்கையும் கணக்கில் கொண்டபின் எவ்வளவு வித்தியாசம் மிஞ்சுகிறதென்று பாருங்கள். பாதி போய்விடலாம். மிஞ்சுவதையும் '80 தாண்டியவர்களிடம் குறைவாக இருந்தது' என்று எழுதுங்கள். 'குறைந்தது' என்று சொல்ல அதே ஆளை மறுபடி பார்க்க வேண்டும். பலவீனமானவர்கள் 80 ஐ எட்டும் முன்பே போய்விட்டார்கள் என்பதால் உண்மையான இறக்கம் இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

லாசி முதல் சுற்று (2017-18) 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 சொச்சம் பேரைக் கொண்டது, தரவை மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ்.இடம் விண்ணப்பித்துப் பெறலாம். மாநில அளவுக்குத்தான் அது செல்லும், மாவட்டத்துக்கு இறக்காதீர்கள். ஆனால் உங்கள் கேள்வி வாசகங்களையும் அளக்கும் முறையையும் அதோடு முடிந்தவரை ஒத்துவைத்தால் தமிழ்நாட்டு எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நடைத் தூரத்தை மாற்றியதால் அந்த ஒன்றை மட்டும் ஒப்பிட முடியாது, லாசியில் 4 மீட்டர். தெருவில் கோடு போடும்போது 4 மீட்டர் நடையையும் ஒருமுறை சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் குறையும் தீரும். ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கூடும்.